உருண்டை சிறுத்த கதை

இத்தாலிக்குப் போகிற உத்தேசம் இருந்தால் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். ரோமிலோ நேபிள்ஸிலோ ஒரு பழைய உணவகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, 'ஸ்பகெட்டியும் மீட்பாலும் கொண்டு வாப்பா' என்று சொல்லிவிடாதீர்கள். அடிக்கவெல்லாம் வரமாட்டார்கள். ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்கள். 'அமெரிக்கக் கோஷ்டியா நீங்கள்?' என்று அதற்கு அர்த்தம்.

ஆச்சரியமாக இல்லை? இத்தாலியச் சாப்பாடு என்றதும் உலகத்தில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருகிற படமே அதுதானே? நீள நீளமாக ஸ்பகெட்டி. மேலே சிவக்கச் சிவக்கத் தக்காளி சாஸ். அதற்கும் மேலே நாலைந்து கறி உருண்டைகள். நம்மூர்க் கோலா உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இத்தாலிக்காரரைக் கேட்டால், 'அது எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை' என்பார். அமெரிக்கரைக் கேட்டால், 'இத்தாலியிலிருந்து வந்தது' என்பார். அப்படியானால் இது யார் பெற்ற பிள்ளை?

விடை கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உருண்டையின் அளவைப் பாருங்கள். ஒரு காலத்தில் கொண்டைக்கடலை சைஸ். பிறகு கை முஷ்டி சைஸ். அப்புறம் மறுபடியும் கோலிக்குண்டு. அது ஏன் பெருத்தது, ஏன் சிறுத்தது என்று தெரிந்துகொண்டால் போதும். பிழைக்க வழி தேடிக் கப்பலேறிய பல லட்சம் பேரின் கதையும் கூடவே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கட்டுக்கதையை முடித்துவிட்டு மேலே போவோம். பாஸ்தாவைச் சீனாவிலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அழகான கதை. ஆனால் உண்மை இல்லை. போலோ வெனிஸுக்குத் திரும்பியது 1295ல். அதற்குப் பதினாறு வருடம் முன்பே, 1279ல், ஜெனோவா நகரத்தில் இறந்துபோன ஒருவரின் சொத்துப் பட்டியலில் 'ஒரு கூடை மக்ரோனி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1154ல் அல் இத்ரீசி என்கிற அரபுப் புவியியல் அறிஞர், சிசிலியில் பலேர்மோவுக்குப் பக்கத்திலுள்ள த்ராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்னும் மாவு இழைகளைச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். போலோ அப்போது பிறக்கவே இல்லை! இந்தக் கதை நன்றாகப் பரவியது 1929ல். பரப்பியது அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் பத்திரிகை. வியாபாரத்துக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

தக்காளி இன்னும் லேட். அது தென் அமெரிக்கச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. வந்தவுடனே யாரும் வாயில் வைத்துவிடவில்லை. நேபிள்ஸில் லத்தீனி என்கிற சமையல் மேலாளர் 1690களில் வெளியிட்ட புத்தகத்தில்தான் தக்காளி சாஸ் எட்டிப் பார்க்கிறது. அது பாஸ்தாவோடு சேர இன்னும் ஒரு நூறு வருடம் பிடித்தது.

ஆச்சா? இப்போது மூன்றாவது பார்ட்டி. கறி உருண்டை.

இத்தாலியில் இதற்கு 'பொல்பெத்தே' என்று பெயர். காலம்காலமாக இருப்பதுதான். 1891ல் பெல்லெக்ரினோ அர்தூசி என்பவர் வெளியிட்ட சமையல் புத்தகம் இன்றைக்கும் இத்தாலிய வீடுகளில் ஒரு வேத புத்தகம். அதில் பொல்பெத்தே பக்கம் வந்ததும் மனிதர் கிண்டலில் இறங்கிவிடுகிறார். கழுதைக்குக்கூட இதைச் செய்யத் தெரியும், நான் வேறு சொல்லித் தரவேண்டுமா என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். அந்த அளவுக்குச் சாதாரணமான பண்டம்.

சாதாரணமானதுதான். ஆனால் ஏழை வீட்டில் அது ஒரு தந்திரம். முந்தாநாள் ரொட்டி காய்ந்து கிடக்கும். அதைத் தண்ணீரிலோ பாலிலோ ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சூண்டு கறியோடு பிசைந்துவிட்டால், அரைக் கிலோ ஒரு கிலோ ஆகிவிடும். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற மேஜையில் எட்டுத் தட்டிலும் கறி இருக்கும். ஒரு தாயாருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த உருண்டை, பாஸ்தா தட்டில் ஏறாது. இத்தாலியச் சாப்பாட்டு வரிசையில் பாஸ்தா முதல் பந்தி. கறி இரண்டாவது பந்தி. சாம்பார் சாதம் சாப்பிடுகிறபோது அதிலேயே பாயசத்தை ஊற்றினால் எப்படி இருக்கும்? அவர்களுக்கு அது அப்படித்தான்.

ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. விதிவிலக்குகள் உண்டு. அதில் முக்கியமானது, அப்ருட்ஸோ பிராந்தியத்தில் தெரமோ என்கிற ஊர். மரச்சட்டத்தில் வரிசையாகக் கம்பி கட்டி ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கித்தார் மாதிரி இருப்பதால் பெயரும் 'கித்தார்ரா'தான். மாவைத் தட்டி அதன்மேல் போட்டுக் கட்டையால் உருட்டினால், சதுரச் சதுரமான இழைகளாகக் கீழே விழும். அந்தப் பாஸ்தாவோடு தக்காளி சாஸ் கலந்து, கூடவே கறி உருண்டைகளையும் போடுகிறார்கள். என்ன சைஸ் தெரியுமா? கொண்டைக்கடலை! அதற்குப் 'பல்லொத்தீனே' என்று செல்லப் பெயர். பொறுமை இருந்தால் மட்டுமே உருட்ட முடியும். அதனால் அது விசேஷ நாள் சமையல். நேபிள்ஸிலும் திருவிழாக் காலத்து லசான்யாவுக்குள்ளே இதே மாதிரி பொடி உருண்டைகளை ஒளித்து வைப்பார்கள்.

ஏன் அவ்வளவு சின்னது? இருக்கிற கறி கொஞ்சம். அதைப் பொடிப் பொடியாக உருட்டிவிட்டால் ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று அகப்படும். பங்கு பிரிப்பதில் சண்டை வராது.

அந்த ஊர்களை விட்டுத்தான் மக்கள் கிளம்பினார்கள்.

1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தெற்கத்திக்காரர்கள். சிசிலி, கலாப்ரியா, நேபிள்ஸ், அப்ருட்ஸோ. நிலம் வேறொருவனுடையது, வரி நம்முடையது என்கிற வாழ்க்கை. கறி என்பது பண்டிகைக்குப் பண்டிகை பார்க்கிற சமாசாரம். நியூ யார்க்கில் இறங்கி, குழி வெட்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள், மூட்டை சுமந்தார்கள். இருட்டு அறைகளில் ஏழெட்டுப் பேராக ஒண்டிக்கொண்டார்கள்.

கஷ்டம்தான். சந்தேகமில்லை. ஆனால் கறிக்கடை வாசலில் மட்டும் நம்ப முடியாத அதிசயம் ஒன்று காத்திருந்தது. அமெரிக்காவில் கறி மலிவு! அதுவும் மாட்டுக்கறி ரொம்ப மலிவு. ஊரில் வருஷத்துக்கு நாலு முறை பார்த்ததை, இங்கே கூலி வாங்கிய கையோடு வாரம் ஒருமுறை, முடிந்தால் இரண்டு முறை வாங்கலாம்.

அந்தத் தாய்மார்கள் என்ன செய்திருப்பார்கள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ரொட்டியைக் குறைத்தார்கள். கறியைக் கூட்டினார்கள். கொண்டைக்கடலை எலுமிச்சை ஆனது. எலுமிச்சை கை முஷ்டி ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் ஏறுகிற சாஸ், மத்தியானம் வரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே பெரிய பெரிய உருண்டைகள். ஊரில் விட்டுவந்த பசிக்கு அவர்கள் சொன்ன பதில் அது.

சரி, அந்த உருண்டை ஸ்பகெட்டி தட்டில் எப்படி ஏறியது? அதற்கு அமெரிக்க வாடிக்கையாளர்களும் ஒரு காரணம். கறி, கூடவே உருளைக்கிழங்கோ வேறு எதுவோ, எல்லாம் ஒரே தட்டில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் பழக்கம். வெறும் பாஸ்தாவை வைத்தால், 'கறி எங்கே?' என்று கேட்டார்கள். உணவக முதலாளி இரண்டு பந்தியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். முடிந்தது பிரச்னை. 1920களில் மக்ரோனி உற்பத்தியாளர் சங்கமே இதன் செய்முறையை அச்சடித்துக் கொடுக்கிற அளவுக்கு விஷயம் பிரபலம்.

ஆனால் வரவேற்பு மட்டுமே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வந்தேறிகளைத் திருத்தக் கிளம்பிய அன்றைய சமூக சேவகிகளுக்கும் சத்துணவு நிபுணர்களுக்கும் இத்தாலிய அடுப்படி ஒரு பெரிய தலைவலியாகத் தெரிந்தது. பூண்டு நாற்றம். தக்காளி, கறி, மாவு, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி ஜீரணமாகும்? குழந்தைகளுக்கு இப்படியா சாப்பாடு கொடுப்பது? வீடு வீடாகப் போய், வேகவைத்த காய்கறியும் பாலும் ஓட்ஸ் கஞ்சியுமாகப் பாடம் நடத்தினார்கள். ஸ்பகெட்டியை விடாத குடும்பம், அமெரிக்கக் குடும்பமாக இன்னும் மாறவில்லை என்று அர்த்தம்!

இத்தாலியத் தாய்மார்கள் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு உள்ளே போய், சாஸைக் கிளறினார்கள்.

காப்பாற்றியது யுத்தம். முதல் உலகப் போரில் இத்தாலி நேச நாடுகளின் பக்கம். 1917ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. கறியை மிச்சப்படுத்துங்கள், வீரர்களுக்கு அனுப்பவேண்டும் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கே வயிறு நிறைய வைப்பது எப்படி? அதில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்களே! பெண்கள் பத்திரிகைகளில் இத்தாலியச் சமையல் குறிப்புகள் வர ஆரம்பித்தன.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். எத்தோரே போயார்தி.

வட இத்தாலியில் பியச்சென்ஸாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1897ல் பிறந்தார். பதினோரு வயதிலேயே ஓட்டல் சமையலறையில் எடுபிடி. 1914ல், பதினாறு வயதில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூ யார்க்கின் பிரபலமான பிளாசா ஓட்டலில் அண்ணன் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் உள்ளே நுழைந்தார். உழைப்பாளி. வேகமாக மேலே வந்தார். பிறகு கிளீவ்லாந்து நகரத்துக்குப் போய், 1920களின் நடுவில் சொந்தமாக ஓர் உணவகம் திறந்தார்.

சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. 'அந்த சாஸ் கொஞ்சம் வீட்டுக்குக் கிடைக்குமா?' என்று கேட்டார்கள். போயார்தி, கழுவிய பால் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தார். கூடவே வேகாத ஸ்பகெட்டி, கொஞ்சம் சீஸ். பாட்டில்கள் போதவில்லை. மளிகைக்கடை வைத்திருந்த வாடிக்கையாளத் தம்பதி ஒருவர், இதை டப்பாவில் அடைத்து விற்கலாமே என்று யோசனை சொல்லி வழியும் காட்டினார்கள். 1928ல் தொழிற்சாலை ஆரம்பமானது.

ஒரு சிக்கல். 'போயார்தி' என்கிற பெயர் அமெரிக்க நாக்கில் நுழையவில்லை. விற்பனைக்குப் போனவர்களே திணறினார்கள். மனிதர் யோசித்தார். அமெரிக்கர்கள் எப்படிப் படித்தால் கிட்டத்தட்ட சரியாக வருமோ, அப்படியே எழுத்தை மாற்றினார். நடுவில் இரண்டு கோடு. 'செஃப் பாய்-ஆர்-டீ'.

டீக்கடைப் பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா? சிரித்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். பரம்பரைப் பெயர் அது. அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாருக்கும் பொதுவானது. அதைக் கடைக்காரர் வாய்க்குத் தோதாக மூன்று துண்டாக வெட்டி லேபிளில் ஒட்டவேண்டியிருந்தது. சமையலறைத் தொப்பியோடு, மீசையோடு, முகம் மட்டும் அசலாக லேபிளில் சிரித்தது.

பொருளாதார மந்தம் வந்தது. குறைந்த காசில் குடும்பமே சாப்பிடக்கூடிய டப்பாவுக்கு மவுசு கூடியது. 1938ல் பென்சில்வேனியாவில் மில்ட்டன் என்கிற ஊருக்குத் தொழிற்சாலை இடம்பெயர்ந்தது. சுற்றுவட்டார விவசாயிகள் தக்காளி போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இரவும் பகலும் ராணுவத்துக்கு உணவு டப்பாக்கள் தயாராயின. வேடிக்கையைப் பாருங்கள். இந்தத் தடவை இத்தாலி எதிரி நாடு! இத்தாலிக்காரர் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அமெரிக்க வீரர்கள் இத்தாலியில் போய்ச் சண்டை போட்டார்கள். போர் முடிந்ததும், 1946ல், ஏறக்குறைய 60 லட்சம் டாலருக்குக் கம்பெனியை விற்றுவிட்டார் போயார்தி. முகமும் துண்டான பெயரும் மட்டும் லேபிளிலேயே தங்கிவிட்டன.

இனி குழந்தைகளின் காலம். போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிறந்தார்கள். 1955ல் வால்ட் டிஸ்னியின் 'லேடி அண்ட் த டிராம்ப்' கார்ட்டூன் படம் வந்தது. ஒரு இத்தாலிய உணவகத்தின் பின்வாசல். இரண்டு நாய்கள் ஒரே தட்டில் ஸ்பகெட்டி சாப்பிடும். கடைசி உருண்டையை ஆண் நாய் மூக்காலேயே தள்ளிப் பெண் நாய்க்கு விட்டுக்கொடுக்கும். நாய்கள் ஸ்பகெட்டி சாப்பிடுவது நன்றாக இருக்காது என்று டிஸ்னி அந்தக் காட்சியையே வெட்டிவிடப் பார்த்தார். ஃபிராங்க் தாமஸ் என்கிற ஓவியர் விடவில்லை. தாமே வரைந்து காட்டிச் சம்மதிக்க வைத்தார். 1963ல் டாம் கிளேசர் ஒரு நகைச்சுவைப் பாட்டுப் பாடினார். யாரோ தும்ம, உருண்டை தட்டிலிருந்து உருண்டு ஓடிவிடுகிற கதை. அமெரிக்காவில் இதைப் பாடாத பள்ளிக்கூடப் பிள்ளை அபூர்வம். ஐம்பது வருடம் முன்னால் குழந்தைகளுக்கு ஆகாது என்று தடுத்த அதே சாப்பாடு!

ஆனால் குழந்தைகளுக்கு ஒரு நடைமுறைப் பிரச்னை இருந்தது. ஸ்பகெட்டி வழுக்கும். முள்கரண்டியில் சுற்ற வராது. சட்டை நாசம். மேஜை நாசம். அம்மா மூடு நாசம். கேம்ப்பெல் கம்பெனியில் டொனால்ட் கோர்க் என்பவர் இதற்கு விடை தேடினார். விண்வெளி வீரர், கௌபாய் என்றெல்லாம் வடிவங்களை யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சின்னச் சின்ன வளையத்தில் வந்து நின்றார். 1965ல் 'ஸ்பகெட்டிஓஸ்' பிறந்தது. ஸ்பூனால் அள்ளலாம். சிந்தாது. இதில் கறி உருண்டை போட்ட டப்பாவும் உண்டு. ஸ்பூனில் வளையத்தோடு சேர்ந்து உட்காரவேண்டுமே? அதனால் உருண்டை கோலிக்குண்டாகச் சிறுத்தது.

ஆக, பழைய கொண்டைக்கடலைக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வந்தாயிற்று. தெரமோவில் சின்னதாக உருட்டியது, எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதற்காக. நியூ யார்க்கில் பெரிதாக உருட்டியது, இனிமேல் பசி இல்லை என்பதற்காக. தொழிற்சாலை சின்னதாக உருட்டியது, குழந்தையின் ஸ்பூனுக்காக.

வழியில் என்ன தொலைந்தது? டப்பாவுக்குள்ளே கெடாமல் இருக்க அதிகச் சூட்டில் வேகவைத்தே ஆகவேண்டும். பாஸ்தா குழைந்துவிடும். உப்பு தூக்கல், இனிப்பும் சேரும். அதிலேயே பழகிய நாக்குக்கு நிஜத் தக்காளியின் புளிப்புப் பிடிக்காமல் போகிறது. நல்லவேளை, உருட்டுகிற வித்தையை யாரும் பூட்டி வைக்கவில்லை. அர்தூசிதான் சொல்லிவிட்டாரே, யாருக்கும் வரும் என்று. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்து பாருங்கள்.

கோழியோ ஆடோ, கால் கிலோ கொத்துக்கறி. கறிக்கடையில் சொல்லி இரண்டு தடவை அரைத்து வாங்குங்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை நீக்கிவிட்டு, நாலு ஸ்பூன் பாலில் ஊறவைத்து மசித்துக்கொள்ளுங்கள். ஏழைத் தாயாரின் அந்தப் பழைய தந்திரம்தான் இது. அதில் விஞ்ஞானமும் உண்டு. ஊறிய ரொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறியை இறுகவிடாது. பல் முளைத்த குழந்தையும் மெல்லலாம், பல் விழுந்த பாட்டியும் மெல்லலாம். ஒரு முட்டை, துருவிய சின்ன வெங்காயம் நாலு, துருவிய சீஸ் இரண்டு ஸ்பூன், உப்பு, துளி மிளகுத்தூள். பிசைந்து, கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு கோலிக்குண்டு அளவில் உருட்டுங்கள். அழுத்திப் பிசையாதீர்கள், ரப்பராகிவிடும். பிள்ளைகளையும் உருட்டச் சொல்லலாம். பச்சைக்கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், அவ்வளவுதான்.

முக்கால் கிலோ பழுத்த தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து மசியுங்கள். எண்ணெயில் இரண்டு பல் பூண்டு, ஒரு துருவிய கேரட், பிறகு தக்காளி. கேரட் இருந்தால் சர்க்கரை வேண்டாம். இருபது நிமிடம் சின்னத் தீயில் கொதித்ததும் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். உடனே கிளறாதீர்கள், உடையும். பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஒன்றை வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது. கால் கிலோ பாஸ்தாவைத் தனியாக உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, சாஸில் புரட்டுங்கள். குழந்தைகளுக்கு ஸ்பகெட்டியைவிடக் குட்டை மக்ரோனி சௌகரியம். வடித்த தண்ணீர் ஒரு கரண்டி சேர்த்தால் சாஸ் ஒட்டும். காரம் வேண்டுமென்றால் பெரியவர்கள் தங்கள் தட்டில் தூவிக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு உருண்டையை முழுசாகக் கொடுக்காதீர்கள். வழவழவென்று உருண்டையாக இருக்கிற எதுவும் தொண்டையை அடைக்கும். நாலாக நறுக்கியே வையுங்கள்.

யார் பெற்ற பிள்ளை என்று கேட்டோம் அல்லவா? பெற்றது இத்தாலியின் பசி. வளர்த்தது அமெரிக்கக் கூலி. இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்படுகிறார்கள். அதனால் என்ன, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது.

போயார்தி 1985ல், எண்பத்தேழு வயதில் காலமானார். டப்பா கைமாறிக்கொண்டே இருந்தது. 2025ல் அந்தப் பிராண்டை 60 கோடி டாலருக்கு விற்கிறார்கள் என்று செய்தி வந்தது. நடுவில் இருந்த கோடுகள் எப்போதோ காணாமல் போய்விட்டன. இப்போது 'பாயார்டீ' என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். அப்போதும் அது அவர் பெயர் இல்லை.

எத்தோரே போயார்தி. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்படியொன்றும் கஷ்டமாக இல்லையே!